நான்காவது மாடி வரை லிஃப்ட்

மாரடைப்பு வந்து பிழைத்ததிலிருந்து அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படிக்கட்டைக் கண்டாலே பயம். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. சர்க்கரையும் ஒரு வழியாகச் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் நாலு படி ஏறி மூச்சு வாங்கினால் போதும், கை தானாக நெஞ்சுக்குப் போய்விடும். மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த நர்ஸ், "பேசிக்கிட்டே ஏற முடிஞ்சா ஏறுங்க. பேச்சு நின்னா நீங்களும் நில்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மெக்கானிக்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

தலையாட்டியதோடு சரி. காலை நடை முடிந்ததும் படிக்கட்டுப் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, சத்தமில்லாமல் லிஃப்டுக்குள் நுழைந்து, வீட்டில் லிஃப்ட் கதவுச் சத்தம் கேட்டுவிடாமலிருக்க நான்காவது மாடியிலேயே இறங்குவார். அங்கிருந்து ஐந்தாவது மாடி வீட்டுக்கு மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். கதவைத் திறக்கும் மனைவி, "பரவாயில்லையே, வேர்க்கக்கூட இல்ல" என்பாள். அவர் பேச்சை மாற்றத் தண்ணீர் கேட்பார். பொய்யைக் காப்பாற்றுவதும் ஒரு வேலைதான். ஏறிய படிகளைவிட ஏறாத படிகளே அவரை அதிகமாகக் களைக்க வைத்தன.

பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா என்று திங்கட்கிழமை கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்ய மொட்டை மாடியிலிருக்கும் மோட்டார் அறைக்குப் படியேறித்தான் போக வேண்டும். முடியாதென்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து புகார் ஃபோனை எடுக்க வேண்டியதுதான். அந்த நாற்காலியை நினைத்தாலே அவருக்குக் கொட்டாவி வந்தது.

இதற்கிடையில், முன்பு அவரே பராமரித்துவந்த இந்த லிஃப்டின் நான்காவது மாடிக் கதவுப் பூட்டு சில நாட்களாக முனகிக்கொண்டிருந்தது. சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிறவர் அவர்; அந்தப் பூட்டு விட்டுப்போனால் லிஃப்ட் பாதியில் நின்றுவிடும் என்று தெரியும். ஆனால் சொன்னால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வீட்டில் கேள்வி வருமே! வாயை மூடிக்கொண்டார். சனிக்கிழமை காலை, மூன்றாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது.

கூட வேலை செய்யும் தம்பிக்கு ஃபோன் போட்டார். "அண்ணே, நான் இங்க ஒரு வேலையில சிக்கிட்டேன். மத்தியானம் ஆயிடும்" என்றான் அவன். கீழே யாரோ கதவைத் தட்டி, "யாருப்பா லிஃப்டப் புடிச்சு வச்சிருக்கறது?" என்று கத்தினார்கள். வேறு வழியில்லை. மனைவியை அழைத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"லிஃப்ட்ல. மாட்டிக்கிட்டேன்."

"படியேறிக்கிட்டிருந்த மனுஷன் லிஃப்டுக்குள்ள எப்படிங்க விழுந்தீங்க?"

"அப்புறமாத் திட்டு. மோட்டார் ரூம் சாவி ஆணியில தொங்குது. எடுத்துக்கிட்டு மேல போ. ஃபோன வைக்காத."

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவள் மூச்சு. முதலில் திட்டும் மூச்சுமாக வந்தது. போகப் போகத் திட்டு குறைந்து மூச்சு மட்டும் மிஞ்சியது. அவர் கை நெஞ்சுக்குப் போயிற்று.

"நில்லு, நில்லு! நெஞ்சு வலிக்குதா?"

"எதுக்கு வலிக்கணும்? ஏறினா மூச்சு வாங்காதா? நானும் மனுஷிதானே!"

நின்றாள். அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். புஸ்புஸ்ஸென்ற மூச்சு, அடுப்பை அணைத்ததும் அடங்கும் பாலைப்போல மெல்ல இறங்கிக் காணாமல் போனது. இத்தனை மாதமாகத் தன் மூச்சை மட்டுமே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, நோயில்லாதவர்களுக்கும் மூச்சு வாங்கும், வாங்கியது அடங்கும் என்பது மறந்தே போயிருந்தது.

மேலே போய், அவர் சொன்னபடி மெயின் ஸ்விட்சை அணைத்தாள். பிரேக்கைத் தளர்த்தும் கம்பியை விட்டு விட்டு அமுக்கச் சொன்னார்.

"நீங்க கீழ விழுந்துட்டா?"

"விழ மாட்டேன். பெட்டிக்குள்ள நான் ஒருத்தன்தான். கயித்தோட அந்தப் பக்கம் தொங்கற எடை என்னவிடக் கனம். அது இறங்கும், நான் மேல வருவேன்."

"உங்களவிடக் கனமா ஒண்ணு இருக்கா? சந்தோஷம்."

பெட்டி மாடிக்கு நேராக வந்ததைக் காட்ட, கயிற்றில் அவரே முன்பு பூசிவைத்த மஞ்சள் கோடு வந்ததும் நிறுத்தினாள். அவர் கதவைக் கையால் தள்ளித் திறந்து நான்காவது மாடியில் இறங்கினார்.

"சரி, மெயினப் போடாத. பூட்டு சரியாகணும். நீ கீழ வா."

"முட்டி விட்டுப்போச்சு. இங்கயே உக்காந்துட்டேன். வந்து கூட்டிட்டுப் போங்க."

நிஜமாகவே வலிக்கிறதா, வேண்டுமென்றே சொல்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார்.

"என்னத்தையாவது பேசிக்கிட்டே இரு."

"நீங்க பேசுங்க. இந்தத் திருட்டுத்தனம் எப்ப ஆரம்பிச்சுது?"

சொல்லிக்கொண்டே ஏறினார். வீட்டு வாசலையும் தாண்டி, மொட்டை மாடித் திருப்பத்தில் பேச்சு நின்றது. அவரும் நின்றார். நெஞ்சுக்குக் கிளம்பிய கை பாதி வழியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"இருக்கீங்களா?"

பதில் சொல்ல மூச்சில்லை. காத்திருந்தார். அது அடங்கியது.

"இருக்கேன். முதல் நாளு மழை பேஞ்சுது, படியெல்லாம் ஈரம், அதனாலதான்..."

"பொய். மழையே பெய்யல. திங்கட்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

"முதல்ல உங்கிட்ட வந்து சேர்றேன்" என்று அலுத்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தார்.