உப்பு போட்ட ஐஸ்

ஹனீப் பாயைக் கஞ்சன் என்று சொன்னால் சண்டைக்கு வருவார். சிக்கனம் என்று சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் போகிற சாலையில் அவருக்கு மீன்கடை. விடியற்காலை பழவேற்காட்டிலிருந்து வரும் மீன், ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்பும்வரை கெடாது. ஐஸைப் பொடித்து, கல்லுப்பைத் தூவி, மீனை நடுவில் புதைத்து வைப்பார். உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் குளிரும் என்பது மீன்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி பேசுவார் பாய். அவர் கடையில் கெட்ட மீன் வாங்கியதாகச் சொல்ல ஆள் கிடையாது என்பதால் நாங்களும் கேட்டுக்கொள்வோம்.

கடைக்குக் காவல் நெத்திலி. உடம்பைப் பார்த்து வைத்த பெயர், நாய்க்கு. பாயின் மனைவி ரஷீதா அதை வீட்டுக்குள் விடமாட்டார். ஆனால் வாசலில் தனித் தட்டு வைத்து வேளாவேளைக்குச் சோறு போடுவதும் அவர்தான்.

நெத்திலிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. தனியார் டாக்டரிடம் போகப் பாய்க்கு மனசு வரவில்லை. அரசுக் கால்நடை மருந்தகத்தில் சும்மாவே போடுவார்கள். ஆனால் அது திறந்திருக்கும் காலை நேரத்தில்தான் மீன் அதிகம் விற்கும். சிக்கனக்காரர் யோசித்தார். பத்து நாய்க்குப் போடும் மருந்தை ஒரே பாட்டிலாக வாங்கினால் மலிவு. தெருவில் நாய் வைத்திருந்த எங்கள் எல்லோரையும் கூட்டுச் சேர்த்தார். என் நாயும் அதில் உண்டு.

மருந்து வெள்ளிக்கிழமை வந்தது. எல்லோரும் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அதுவரை குளிர்ச்சியாக வைக்கச் சொன்னார் மருந்துக் கடைக்காரர். குளிர்ச்சியைப் பற்றிப் பாய்க்கு யார் பாடம் எடுப்பது? தெர்மாகோல் பெட்டியில் ஐஸ், கல்லுப்பு, நடுவில் பாட்டில். ஞாயிறு காலை எடுத்தபோது மருந்து கல்லாக இறுகியிருந்தது. வெயிலில் வைத்து இளக்கினோம். பாய் பிடித்துக்கொள்ள, கோழிப்பண்ணையில் ஊசி போட்டுப் பழகிய அன்புசெல்வன் எல்லா நாய்க்கும் போட்டான். பாயை மெச்சியவர்களில் நான்தான் முதல் ஆள்.

சில மாதம் கழித்து, இரும்பு ஆலைகள் பக்கம் ஒரு வெறிநாய் சுற்றுவதாகச் செய்தி பரவியது. ஊரில் ஆளாளுக்குத் தடி எடுத்தார்கள். தெரு நாய், வீட்டு நாய் என்று பார்க்கவில்லை. எங்கள் தெரு நாய்கள் ஊசி போட்டவை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டால் தப்பிக்கலாம் என்று பாய் மருந்தகத்துக்குப் போனார்.

டாக்டர் நந்தினி பொறுமையாகத்தான் கேட்டார். "மருந்த எதுல வெச்சிருந்தீங்க?"

"ஐஸ்ல மேடம். சும்மா ஐஸ் இல்ல, உப்பு போட்ட ஐஸ். ரெண்டு நாளும் கல்லு மாரி இருந்துச்சு."

"உறைஞ்சிடுச்சா?"

"நல்லாவே ஒறஞ்சுது," என்றார் பாய், பெருமையாக.

டாக்டர் பேனாவை மூடினார். "உறையக் கூடாது பாய். உறைஞ்சா இந்த மருந்துக்குச் சக்தி போயிடும். நீங்க போட்டது போடாத மாதிரிதான். நாளைக்குக் காலைல எல்லா நாயையும் கூட்டிட்டு வாங்க. காசு வேணாம், நானே போடறேன்."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். குளிர்ச்சிக்கும் அது பொருந்தும் என்று பாய்க்குத் தெரிந்திருக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கண்ணில் நின்றது எங்கள் தெருக் கெங்கம்மாள் வீட்டுத் தூளி. கெங்கம்மாளின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளையின் தூளிக்குக் கீழேதான் அவர்கள் நாய் ராணி படுத்திருக்கும். ஊசி போட்ட நாய் என்ற தைரியம்.

வீட்டுக்கு வந்ததும் ரஷீதாவிடம் சொன்னார். "இன்னொரு ஊசி போட்டா நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கன்னு சொல்லிடட்டா?"

"அப்டி சொன்னா அப்பறம் பாத்துக்கலாம்னு பாதி பேரு வரமாட்டாங்க," என்றார் ரஷீதா. "கெட்டுப்போச்சுன்னு சொன்னாதான் வருவாங்க. போய்ச் சொல்லுங்க."

கெங்கம்மாள் வாசலில் நின்று பாய் சொல்லிவிட்டார். "அக்கா, நான் போட்ட மருந்து கெட்ட மருந்து. ஒறைய வெச்சு நான்தான் கெடுத்தேன். ராணிய கொழந்தையாண்ட உடாத."

கெங்கம்மாள் உள்ளே ஓடி நாயை இழுத்துவந்து வெளியே கட்டினாள். "உன்ன நம்பிதான பாய் பச்சப்புள்ள பக்கத்துல படுக்க வெச்சேன்?"

கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. சாத்திய கதவின் முன்னால் பாய் கூனிக் குறுகி நின்றதை நான் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார். ஒரு வீடு விடவில்லை. என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் கோபம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு, காலையில் நாயோடு வந்துவிடுகிறேன் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் காலை மீன்கடை திறக்கவில்லை. பையோடு வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பாய் மருந்தக வாசலில் நெத்திலியோடு நின்றார். ஒவ்வொருவராக வந்தோம். ஒவ்வொரு நாய்க்கும் ஊசி போடும்போது பாய்தான் பிடித்துக்கொண்டார். கடைசி நாயும் முடிந்தது. கெங்கம்மாள் மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் இருங்க மேடம் என்று டாக்டரிடம் கெஞ்சினார் பாய்.

வந்தாள். பாய் இருந்த பக்கமே திரும்பாமல் ராணியை இழுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனாள். ஊசியைக் கண்டதும் ராணி திமிறியது. கெங்கம்மாளால் முடியவில்லை. அன்புசெல்வன் கிட்டே போனான், உறுமியது. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு டாக்டர் ஊசியோடு பின்வாங்கினார்.

கெங்கம்மாள் திரும்பிக் கயிற்றை நீட்டினாள்.

"நீ புடி பாய். உன்னாண்டதான் அது நிக்கும்."

பாய் மண்டியிட்டு ராணியைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டார். அது அசையாமல் நின்றது. ஊசி இறங்கியது. பாய்க்குக் கண்ணில் நீர் வழிந்தது. இரண்டு கையும் நாயைப் பிடித்திருந்ததால் அதை அவரால் துடைக்க முடியவில்லை.