தகவலாளர் எண் ஏழு

தன்னை யார் யார் ஏமாற்றுகிறார்கள் என்பதைத் தன்னால் கண்டுபிடிக்க இயலவில்லை என்னும் மகத்தான உண்மையை, அரசாங்கம் பொதுமக்களுக்குப் பெருமகிழ்ச்சியோடு அறிவித்தது. மோசடியைக் காட்டிக்கொடுப்பவருக்கு, மீட்கப்படும் தொகையில் பத்து சதவீதம் வெகுமதி. பெயர் பரம ரகசியம். வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பிரகடனம், திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் மூலநோய் விளம்பரத்துக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே ஒட்டப்பட்டிருந்தது.

நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஆட்டுக்கு மருந்து வாங்க வந்த மாரீஸ்வரன் அதை மூன்று முறை படித்தார். ஐம்பத்திரண்டு வயது, நாலு ஏக்கர் மானாவாரி, இருபத்திரண்டு ஆடு. இரண்டு வருடமாக மழை ஏய்த்துவிட்டது. போர் போட்டால் பிழைக்கலாம். இல்லாவிட்டால் ஆடுகளை விற்றுவிட்டு அருப்புக்கோட்டையில் ஏதாவது மில் வாசலில் வாட்ச்மேனாக நிற்க வேண்டும்.

அவருக்கு ஒரு மோசடி தெரிந்திருந்தது. பயிர் இழப்பீடு கொடுத்த பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதில் பெயர் கிடையாது. சர்வே எண், பரப்பு, பயிர் மட்டும். கண்மாய்க்கு அந்தப்பக்கம் நூற்றிருபது ஏக்கரில் மக்காச்சோளம் கருகியதாகவும், அதற்குப் பதினெட்டு லட்சம் கொடுத்ததாகவும் போட்டிருந்தது. மாரீஸ்வரன் முப்பது வருடமாக அங்கேதான் ஆடு மேய்க்கிறார். அங்கே சீமைக்கருவேலத்தைத் தவிர எதுவும் முளைத்ததில்லை. அது கருகவும் இல்லை. நிஜமாகவே கருகிய அவருடைய நாலு ஏக்கர் பட்டியலில் இல்லை.

இதைச் செய்யக்கூடியவர் ஊரில் ஒருவர்தான்: உரக்கடை சங்கரபாண்டியன். காகித வேலை எல்லாம் அவரிடம். சிட்டா, ஆதார் நகல்களை ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்துவிட்டு, எழுதாத படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வருவதுதான் ஊர் வழக்கம். பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும்கூட அவருடைய மேசை டிராயரில்தான் இருக்கும். வீட்டில் வைத்தால் கரையான் அரிக்கும், ஆடு மெல்லும். பேங்கில் கொடுத்த செல் நம்பரும் அவருடையதே.

விஷயத்தைக் கேட்ட மனைவி காளீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, நம்ம காகிதமும் அவுக கடையிலதான கெடக்கு. அவுகளப் போயி மாட்டிவிடுறேங்கிறீக?"

"கெடந்தா கெடக்கட்டும். காகிதம் என்ன, வாயத் தொறந்து பேசவா போகுது?"

டவுன் அலுவலகத்தில் மனுவை வாங்கிப் படித்த அதிகாரி அம்மாவுக்குக் குரல் தழுதழுத்தது. "ஐயா, நீங்க இந்தத் தேசத்தோட மனசாட்சி. இனிமே உங்களுக்குப் பேரு கிடையாது. தகவலாளர் எண் ஏழு."

தேசத்தின் மனசாட்சிக்கு உட்கார நாற்காலி தரப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்து விசாரணை ஜீப் வந்து டீக்கடை முன்னால் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"அண்ணே, தகவல் குடுத்த மாரீஸ்வரன் வீடு எது?"

"என்ன தகவல்?" என்றார் டீக்கடை சுந்தரபாண்டி.

"அது ரகசியம்ணே."

விசாரணை முடியும்வரை ஊருக்கு வரவேண்டிய இந்த வருட இழப்பீடு மொத்தமும் நிறுத்திவைக்கப்பட்டது. மறுநாள் மாரீஸ்வரன் டீக்கடைக்குப் போனார்.

"பாலு தீந்துருச்சுப்பா."

"ஏலே, அடுப்புல பொங்குதே?"

"அது வேற பாலு."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

விசாரணை நேர்மையாகவே நடந்தது, அதுதான் வினை. மக்காச்சோளம் பொய் என்று நிரூபணமாயிற்று. பணம் பன்னிரண்டு பேர் கணக்குக்குப் போயிருந்தது. அதில் சங்கரபாண்டியன் பெயர் இல்லை. "எழுதத் தெரியாதவுகளுக்கு எழுதிக் குடுக்கறது ஒரு குத்தமா மேடம்?" என்று அவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் செத்துப்போயிருந்தார்கள். ஒன்பது பேர் திருப்பூர், கேரளா, சிங்கப்பூர் என்று முகவரி இல்லாத திசைகளில் இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆளுக்குப் பத்து ஏக்கர் மக்காச்சோளத்துக்கு ஒன்றரை லட்சம் போயிருந்தது. அவருடைய முகவரி, கையெழுத்து எல்லாம் தகவல் கொடுத்த மனுவிலேயே தெளிவாக இருந்தன.

"உங்க கணக்குல வந்திருக்கே ஐயா?"

"கார்டு கடையில இருக்கும்மா. நான் ஒத்த ரூவா பாக்கல."

"கார்டை அடுத்தவங்ககிட்டக் குடுக்கக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லலையா?"

"சீட்டே அடிச்சுக் குடுத்தாகம்மா. அந்தச் சீட்டும் கடையிலதான் இருக்கு."

அதிகாரி அம்மா நல்லவர். நெடுநேரம் யோசித்து, பணத்தைக் கட்டிவிட்டால் போலீஸ் கேஸ் இல்லாமல் முடித்துவிடலாம் என்றார்.

இருபத்திரண்டு ஆடும் ஒரே வண்டியில் ஏறின. மறுநாள் காலையில் காளீஸ்வரி பழக்கத்தில் பட்டிப் படலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். எதுவும் வெளியே வரவில்லை. அவள் புருஷனைத் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் சங்கரபாண்டியன் வீடு தேடி வந்தார்.

"மாரீசு, எனக்கு உம்மேல வருத்தமே இல்லப்பா. மனுசன்னா தப்புப் பண்ணத்தான் செய்வான். அருப்புக்கோட்டையில நமக்கு வேண்டப்பட்ட மில்லுல வாட்ச்மேன் வேலை சொல்லிவச்சிருக்கேன். மனு நானே எழுதிருதேன். நீ கையெழுத்த மட்டும் போட்டுரு."

அவர் நீட்டிய வெள்ளைத் தாளை மாரீஸ்வரன் வாங்கித் தொடைமேல் வைத்துக்கொண்டார். பிறகு, "எங்கன போடணும் அண்ணாச்சி?" என்றார்.

மூன்று மாதம் கழித்து, மில் வாசலில் இருந்தவருக்கு முத்திரை வைத்த உறையில் கடிதம் வந்தது. தகவலாளர் எண் ஏழின் தன்னலமற்ற துணிச்சலால் அரசுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மீட்கப்பட்டிருப்பதாகவும், அதில் பத்து சதவீதமான பதினைந்தாயிரம் வெகுமதியாக வழங்கப்படுவதாகவும் அது பாராட்டியது.

வேறு யாரிடமிருந்தும் எதுவும் மீட்கப்படவில்லை.