முருங்கைக் கேம்ப்பில் ஆமென் சொல்லாத பதினான்கு மாதம்

2023 மே 16, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணியிலிருந்து அடுத்த ஆண்டு ஜூலை 16 வரை, டெல்லி முருங்கைக் கேம்ப்பின் நாற்பத்தொரு பிள்ளைகளும் ஒரு நூல்கூட வளரவில்லை. அதே பதினான்கு மாதமும் கேம்ப்பின் ஒரு சுவரைக்கூட எந்த இயந்திரத்தாலும் இடிக்க முடியவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். செங்கம்மாள் அன்று தொடங்கிய ஜெபத்தை ஆமென் சொல்லி முடிக்கவில்லை.

கேம்ப் என்றால் சாக்கடை நாலாவின் கரையில் நூற்றுப்பத்து வீடுகள். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பாத்திரம் துலக்கியும் கட்டட வேலை பார்த்தும் முப்பது வருடத்தில் எழுப்பிய வீடுகள். செங்கம்மாளின் கணவன் மூக்கன் கொத்தனார். வேலை செய்த ஒவ்வொரு கட்டடத்திலும் மிஞ்சிய உடைகல்லைக் கேட்டு வாங்கி, பதினொரு வருடம் எடுத்துத் தன் வீட்டைக் கட்டினான். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒட்டப்பட்டது. மாற்று வீட்டுப் பட்டியலில் நாற்பத்தாறு குடும்பங்களின் பெயர்கள்தான் இருந்தன, அந்த வீடுகளும் டெல்லியின் மறுகோடியில், இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் தள்ளி. செங்கம்மாளின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும், ஓட்டர் கார்டில் ஒரு மாதிரியும், ஆதாரில் மூன்றாவது மாதிரியும் எழுதப்பட்டிருந்ததால் அவளை மூன்று பேர் என்று முடிவு செய்து, மூன்று பேருக்குமே வீடில்லை என்று எழுதிவிட்டார்கள். எழுத்துப் பிழை செய்தவர்கள் அவரவர் நாற்காலியில் சௌக்கியமாக இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கேம்ப்புப் பெண்களின் உபவாச ஜெபம். அன்று முறை செங்கம்மாளுடையது. பெண்கள் முக்காடு போட்டு, கண்ணை மூடி, முதல் வரிசையில் இருந்த கோமளாவின் வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தபோதே சந்து முனையில் ஜே.சி.பி.யின் சத்தம் கேட்டது. செங்கம்மாள் ஜெபத்தின் வேகத்தைக் கூட்டினாள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைங்கள பாருங்க. பெரிசுலேர்ந்து மடியில கெடக்கறது வரைக்கும் எல்லாத்தையும், இந்தச் செவுத்த, இந்தக் கூரைய, இப்படியே வெச்சிக் காப்பாத்துங்க. இப்படியே, அப்பா, ஒண்ணுத்தையும் அசைய வுடாதீங்க" என்றாள். அதற்குள் யாரோ அலற, எல்லோரும் கண்ணைத் திறந்து பிள்ளைகளைத் தேடி ஓடினார்கள். செங்கம்மாளும் ஓடினாள். ஆமென் சொல்ல யாருக்கும் நினைவில்லை.

இயந்திரத்தின் கை கோமளா வீட்டுச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. டிரைவர் இருந்த நெம்புகோலை எல்லாம் இழுத்துப் பார்த்தான். இரண்டாவது இயந்திரம் வந்தது, அதுவும் அதே சாணில் நின்றது. சம்மட்டி ஓங்கியவர்களின் கை பாதியிலேயே நின்று, பிறகு மரியாதையாகக் கீழே இறங்கியது. மதியம் எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். இயந்திரக் கோளாறு என்று எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் செவ்வாய் தவறாமல் ஒரு ஜே.சி.பி. வந்து முயன்று பார்த்துவிட்டுப் போகும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருகிற வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பாஸ்டர் மதியழகன். ஞாயிற்றுக்கிழமை வந்தவர், யார் ஜெபித்தது, என்ன கேட்டது, எப்படி முடித்தது என்று வரிசையாக விசாரித்தார். "முடிக்கவே இல்லீங்களே ஐயா" என்றாள் செங்கம்மாள். பாஸ்டர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "அப்ப அது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு" என்றார். அன்று ஆராதனை முடிவில் அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். சபையாரும் எச்சிலை விழுங்கிக்கொண்டு எழுந்துபோனார்கள்.

அதன்பின் கேம்ப்பில் அந்தச் சொல்லுக்குத் தடை. யார் வாயிலிருந்து வந்தால் ஜெபம் முடிந்துபோகும் என்று தெரியாததால் எல்லோருக்கும் தடை. பாதி வழியில் நாக்கு தவறிவிடுமோ என்று பயந்து 'ஆமா' என்பதையும் விட்டுவிட்டு எல்லோரும் இந்தியில் 'ஹான்' என்றார்கள். மாம்பழ வண்டி இஸ்மாயில் பாய் இந்தியில் "ஆம், ஆம்" என்று கூவிக்கொண்டு வந்தபோது நாலு பெண்கள் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினார்கள். விஷயத்தைக் கேட்டவர் தாடியைத் தடவிக்கொண்டு, இனி இந்தச் சந்தில் "மேங்கோ" என்றே கூவுவதாக ஒப்புக்கொண்டார். வியாபாரம் கொஞ்சம் கூடவே நடந்ததாக அவரே பிறகு சொன்னார்.

பிள்ளைகளின் விஷயம் மெதுவாகத்தான் தெரிந்தது. கோமளாவின் மகள் மதுவுக்கு நாலு வயது. அந்தச் செவ்வாயன்று அவளுக்கு நூற்றொரு டிகிரி காய்ச்சல். டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்துக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. ஆறு வாரம் கழித்தும் நூற்றொன்று. டாக்டர் தர்மாமீட்டரை மாற்றினார், ரத்தத்தைச் சோதித்தார், எதிலும் ஒன்றுமில்லை. பிறகு மற்ற தாய்மார்களும் பேச ஆரம்பித்தார்கள். நகம் வெட்டி எத்தனை நாளாயிற்று என்று ஒருத்தி கேட்டாள். ஏழு மாதக் குழந்தை தீபாவளிக்கும் ஏழு மாதக் குழந்தையாகவே உட்கார்ந்திருந்தது, தவழவில்லை. செங்கம்மாளின் மகள் அபிராமிக்கு வயது ஏழு. தமிழ் எழுத்தில் 'ங' வரை வந்திருந்தாள். டீச்சர் சாயங்காலம் அவளை 'ச' வரை இழுத்துப் போவார், காலையில் அவள் மறுபடி 'ங'வில் நிற்பாள். மூக்கன் தன் டேப்பை எடுத்து அவளைக் கதவுநிலையில் சாய்த்து அளந்தான். மார்கழியில் ஒரு முறை, மாசியில் ஒரு முறை. மூன்றடி பத்தங்குலம், அப்புறமும் மூன்றடி பத்தங்குலம்.

எந்தச் சொல்லால் வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இப்படியே. பயத்தில் வாய்க்கு வந்த ஒரு சாதாரணச் சொல். செங்கம்மாள் பாஸ்டரிடம் அழுதாள். "அவரு நீ கேட்டதத்தான் குடுத்தாரு. குத்தம் ஒன்ன அப்படிக் கேக்க வெச்சவங்க மேல" என்றார் அவர். உண்மைதான், ஆனால் அதைக் கேட்டு ஒரு பிள்ளையும் வளரவில்லை. வீடு நிற்க வேண்டுமா, பிள்ளை வளர வேண்டுமா என்று ஒரு தாயைக் கேட்கும் உரிமை பூமியில் எவனுக்கும் கிடையாது. அந்தக் கேள்வியைத்தான் கேம்ப் பதினான்கு மாதம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியது.

வருடக் கடைசியில் மறு கணக்கெடுப்பு வந்தது. அபிராமி, முன்பு ஏழு, இப்போதும் ஏழு. மது, முன்பு நாலு, இப்போதும் நாலு. ஒரு வருடத்தில் வளராத பிள்ளைகள் போலிப் பிள்ளைகள்தான் என்று எழுதி, பட்டியலில் இருந்த நாற்பத்தாறு குடும்பங்களில் பதினெட்டை அடித்துவிட்டார்கள். அடிபட்டவர்களில் கோமளாவும் ஒருத்தி. அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய், தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா இல்லையா என்று கேட்டாள். கவுன்ட்டரில் இருந்தவர் தொடவில்லை.

பிறகு மாதவ் வந்தான். இடிப்பு கான்ட்ராக்டரின் மேற்பார்வையாளன். யாரோ அவனிடம் ஆமென் விஷயத்தை உளறிவிட்டார்கள். ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாயன்று ஜே.சி.பி.யின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டி, "ஆமென், ஆமென்" என்று பதிவு செய்ததை மூன்று மணி நேரம் ஓடவிட்டான். பெண்கள் சுவரைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூக்கன் தன் வீட்டு வாசலில் கையை விரித்து நின்றான். ஒரு பொட்டுச் சுண்ணாம்பும் உதிரவில்லை. மதுவின் காய்ச்சலும் இறங்கவில்லை. திறந்தவள்தான் மூட முடியும் என்று அன்றைக்குத் தெளிவாயிற்று. மற்றவர்களின் நாக்குக்கு விடுதலை கிடைத்தது. செங்கம்மாள் ஒருத்தி தனியாக மாட்டிக்கொண்டாள்.

மாதவ் மறுநாள் வேறு முகத்தோடு வந்தான். "அம்மாஜி, உங்களுக்கு மட்டும் ஒரு ஃப்ளாட், ரெண்டு ரூம், உள்ளேயே குழாய்" என்று இந்தியில் சொன்னான். அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அவளை மூன்று தடவை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வேலை செய்த இரண்டு வீட்டில் ஒன்று நின்றது. இன்னொரு வீட்டுச் சாவித்திரி மேடம் மட்டும், "நீ ஒண்ணும் சொல்லாதே, வந்து பாத்திரத்தைத் துலக்கு" என்று வைத்துக்கொண்டார். செங்கம்மாள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். ஜெபம் திறந்து கிடக்கும்போது கோபத்தில் எதையாவது சொல்லி, அதுவும் நடந்துவிட்டால்? தண்ணீர் லாரிக்காரன் முறை தப்பித் திட்டியபோதும் உதட்டைக் கடித்துக்கொண்டு குடத்தைத் தூக்கினாள்.

ஜூன் மாதம் டெல்லியில் தார் உருகியது. வெளியே அந்த வெயில், மதுவின் உடம்புக்குள் நூற்றொன்று. தண்ணீர் லாரியின் வரிசையில் கோமளா வந்து செங்கம்மாளின் பக்கத்தில் நின்றாள்.

"முடிச்சிடு அக்கா."

"முடிச்சா வீடு போயிடும்டி. ஜொரமும் ஏறிட்டா?"

"ஏறட்டும். ஏறுறது எறங்கும். இது நிக்கிது அக்கா. நிக்கிறத என்னால பாக்க முடியல."

செங்கம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மூக்கன் அபிராமியை மறுபடி நிலையில் சாய்த்து அளந்துகொண்டிருந்தான். ஒரு வருடமாக அவன்தான் கூடாது, கூடாது என்று மறித்தவன். அன்றைக்கு டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டான். "செவுத்த நான் இன்னொருக்கா கட்டிக்குவேன். இவள நான் எத்த வெச்சிக் கட்டுறது?" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். கேம்ப்பில் அவன் அழுது யாரும் பார்த்ததில்லை.

கேம்ப் கூடிப் பேசியது. பிள்ளை இல்லாதவர்கள் சிலர் கத்தினார்கள், பிறகு அவர்களும் ஓய்ந்தார்கள். ஜூலை 14, 15 இரண்டு நாளும் பாத்திரம், படுக்கை, காஸ் சிலிண்டர், காகிதங்கள் எல்லாம் நடைபாதைக்கு வந்தன. கூரைத் தகட்டைக் கழற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. ஜெபம் அதையும் பிடித்திருந்தது. பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை வழக்கமான ஜே.சி.பி. வந்து, வழக்கமான சாணில் நின்றது. செங்கம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோமளா வீட்டு முன்னால் நின்றாள். பதினான்கு மாதமாக எத்தனையோ சொற்களை யோசித்து வைத்திருந்தாள். எதையும் நம்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஆண்டவரே, நான் சொன்ன சொல்லு தப்பு. செவுரு போனா போவட்டும். பிள்ளைங்க வளரட்டும். எங்கள இப்படிக் கேக்க வெச்சவங்கள நீங்க பாத்துக்குங்க. ஆமென்" என்றாள்.

இயந்திரத்தின் கை தயாராக இல்லாத டிரைவரோடு சேர்ந்து முன்னால் விழுந்தது. முதலில் போனது கோமளாவின் சுவர். மூக்கனின் பதினொரு வருடம் நாலு நிமிடத்தில் கல்லும் தூசுமாகக் கிடந்தது. நடைபாதையில் கோமளா மகளை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சல் நூற்றிரண்டாயிற்று, நூற்று மூன்று, மதியத்துக்கு நூற்று நாலு. ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். பாஸ்டர் முழங்காலிட்டிருந்தார், இந்த முறை ஒவ்வொரு ஜெபத்தையும் ஒழுங்காக முடித்தார். இஸ்மாயில் பாய் பழம் குளிர வைத்திருந்த ஐஸைக் கொண்டுவந்து கொட்டினார். இரண்டரை மணிக்கு மதுவின் கழுத்தில் வேர்வை அரும்பியது. மூன்று மணிக்கு அவள் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று இந்தியில் சொன்னாள். கோமளா தூக்குச் சட்டியைத் திறந்து ஊட்ட ஆரம்பித்தாள்.

அதற்குள் மற்றப் பிள்ளைகள் வளர ஆரம்பித்திருந்தார்கள். பதினான்கு மாதத்து வளர்ச்சியும் ஒரே பகலில் வந்தது. சட்டைப் பொத்தான்கள் தெறித்தன, கால்சட்டைகள் கணுக்காலுக்கு மேலே ஏறின, ஏழு மாதக் குழந்தை தவழாமலே எழுந்து நாலடி நடந்து ஒரு பக்கெட்டைப் பிடித்துக்கொண்டது. இடிந்த கல்குவியல்களுக்கு நடுவில் தாய்மார்கள், ஐயோ இதுவும் பத்தலையே, இதுவும் பத்தலையே என்று கூவிக் கூவிச் சிரித்தார்கள். பட்டியலோடு வந்திருந்த கணக்கெடுப்புக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வயதுக் கட்டத்தை அடித்துத் திருத்தினார். அடிபட்ட பதினெட்டுக் குடும்பங்கள் மறுபடி பட்டியலில் ஏறின. மீதி அறுபத்துநாலு வீட்டுக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. செங்கம்மாள் அந்த அறுபத்துநாலில் ஒருத்தி.

தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு நாள் இருந்துவிட்டு, வியாழக்கிழமை வேலை முடிந்து திரும்பும் வழியில் அவள் அபிராமியை நடைபாதைச் செருப்புக் கடைக்குக் கூட்டிப் போனாள். கடைக்காரர் காலை அளந்து சரியான ஜோடியை எடுத்துப் போட்டார். செங்கம்மாள் குனிந்து, குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுழையவில்லை.

"இது வேணாம் அண்ணா, ஒரு சைஸ் பெரிசா குடுங்க. வளர்ற பொண்ணு" என்றாள்.