முட்டைக்குழியில் இரண்டு கால்தடங்கள்

வெர்ன் ஹாகனுக்கு அந்தச் சனிக்கிழமை இருப்புக் கொள்ளவில்லை. தங்கை மார்லிஸ் ஆற்றோரம் வண்டியை நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டான். அவள் வண்டியிலேயே போகலாம் என்று சொன்னதும் அவன்தான். தன் வண்டிக்குப் பிரேக் சரியில்லையாம். பொய்! பிரேக்குக்கு ஒரு கேடும் இல்லை, கண்ணுக்குத்தான் கேடு.

பன்னிரண்டு நாளைக்கு முன் மிசூலா நகரத்தில் கண் டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, ஓரம் மட்டும்தான் மிஞ்சும், இனி வண்டி ஓட்டக் கூடாது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்த மனுஷன் மறுநாள் காலையில் என்ன செய்தான் தெரியுமா? வழக்கம்போலப் பள்ளிக்கூடப் பேருந்தை எடுத்தான். இருபத்தெட்டுப் பிள்ளைகள் ஏறும் பேருந்து. அதில் ஒருத்தி மார்லிஸின் மகள் கிரேட்டா, ஒன்பது வயது. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத வெர்னுக்கு அந்தப் பிள்ளைகள் போடும் கூச்சல்தான் குடும்பம். விட மனசில்லை. விடாமல் இருப்பது மகா பாவம் என்றும் தெரியும். கிறிஸ்துமஸ் வரை ஓட்டிவிடலாமா, இன்றைக்கே இவளிடம் சொல்லிவிடலாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மலை உச்சியில் முதல் பனி விழுந்திருந்தது. கரையோர மரமெல்லாம் மஞ்சள். அண்ணன் தங்கைக்குள் ஒரு முறை உண்டு. ஒருவர் தூண்டில் வீசும்போது மற்றவர் கரையில் நின்று மீன் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். ஒரு மீன் பிடித்து, தண்ணீரில் விட்டதும், ஆள் மாற வேண்டும். மார்லிஸ் பத்தே நிமிஷத்தில் ஒரு ட்ரௌட் மீனைப் பிடித்து விட்டுவிட்டாள்.

வெர்னின் முறை வந்தது. முதல் வீச்சிலேயே தூண்டில் கிளையில் மாட்டி அறுந்தது.

"மரத்துக்கா தீனி போடுற, கிழவா?"

"நக்கல் பண்ணாம மீனைக் காட்டுடி."

இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரிச் செய்த தூண்டில், கொசு அளவுதான் இருக்கும். அதன் துளையில் நைலான் நரம்பைக் கோக்க வேண்டும். முதுகைத் திருப்பிக்கொண்டு குத்தினான், குத்தினான், போகவே இல்லை. நெற்றியில் வியர்வை பூத்தது, அந்தக் குளிரிலும்.

"கொடு இப்படி. ஒரு யுகமா நின்னுக்கிட்டிருக்க."

"குளிர்ல விரல் மரத்துப்போச்சு" என்று நீட்டினான். அவள் கோத்துக் கொடுத்தாள். "அதோ, வெள்ளைப் பாறைக்கு இடப்பக்கம், மூக்கை நீட்டுது பாரு" என்றாள். அவனுக்குப் பாறையும் இல்லை, மூக்கும் இல்லை, கலங்கலாக ஒரு கறை மட்டும்தான். சொல்லித் தொலைத்துவிடலாம் என்று வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை. ஆற்றில் இறங்கி விறுவிறுவென்று நடந்தான்.

"வெர்ன்! நில்லு! அடப்பாவி, நில்லுன்னா!"

நின்றான். காலடியில் கூழாங்கல் புதுசாகப் புரண்டது. இலையுதிர்காலத்தில் பெண் ட்ரௌட் வாலால் கல்லைக் கூட்டிக் குழி பறித்து முட்டையிடும். கழுவிவிட்ட மாதிரி வெளுப்பாகத் தெரியும் அந்த இடத்தை மிதிப்பவனை இந்தப் பள்ளத்தாக்கில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். போன வருஷம் அதை மிதித்த வெளியூர்க்காரனைக் கரை வரை திட்டிக்கொண்டே துரத்தியவன் வெர்ன். இப்போது அவனுடைய இரண்டு காலும் அதன் நடுவில்.

"கவனிக்கல" என்றான்.

"நீயா? நீயா கவனிக்கல?" மார்லிஸின் குரல் மாறிவிட்டது. "என்னைப் பாரு. காதைப் பாக்காதே, மூஞ்சியைப் பாரு. என் கையில என்ன இருக்கு?"

"தூண்டில்கோல். வேற என்ன?"

அவள் கோல் மரத்தில் சாய்ந்திருந்தது. இரண்டு கையும் வெறுங்கை.

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் அழவில்லை. முதலில் கேட்டது ஒரே கேள்வி.

"திங்கக்கிழமை பஸ்ஸை யாரு எடுக்கிறது?"

"முப்பது வருஷமா ஓட்டுற ரோடு, மார்லி. ஒவ்வொரு வளைவும் மனப்பாடம்."

"வளைவு ஓடி வந்து குறுக்க விழாது. பிள்ளைங்கதான் விழும்."

வெர்ன் குழியை விட்டு விலகிக் கரைப்பக்கம் வந்து பேருந்துச் சாவியை எடுத்து நீட்டினான். அவள் பிடுங்கிக்கொண்டாள். அவ்வளவு கோபம். இப்போதே பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போன் போடுகிறேன், வண்டியில் ஏறு என்றாள். அவன் நகரவில்லை. தண்ணீர் முழங்காலில் மோதிக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழமை" என்றான். "பாலத்துக்கிட்ட. ஒரு பிள்ளை இறங்கி வண்டிக்கு முன்னால ரோட்டைத் தாண்டுச்சு. தாண்டிருச்சுன்னு நெனச்சு வண்டியை எடுத்தேன். பின்னாலிருந்து பசங்க எல்லாம் சேர்ந்து அலறினதுலதான் நிறுத்தினேன். ஒரு முழம்தான் இடைவெளி."

"யார் பிள்ளை?"

 பாலத்தருகே இறங்குவது ஒரே ஒரு பிள்ளைதான், கிரேட்டா. மார்லிஸ் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவ" என்றாள்.

"சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்" என்றான் வெர்ன். "மாமாவுக்கு வேலை போயிடுமான்னு கேட்டா. ஆமான்னேன். அப்ப சொல்லமாட்டேன்னுட்டா. மறுநாள் காலையில மறுபடியும் ஏறி, என் பின்னாலேயே உக்காந்துக்கிட்டு, 'மாமா, ஆள் வருது, மாமா, ஆள் வருது'ன்னு வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தா."