ஜூஜுவாடி வாட்ச்மேன்

மன்சூர் பாய் நாடகம் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தபோது ஓசூர் பஜாரில் முதலில் எழுந்த கேள்வி, "இதுல பாய்க்கு என்ன லாபம்?" என்பதுதான். பஜாரைக் குற்றம் சொல்ல முடியாது. பேரிங், பெல்ட், கையுறை என்று கம்பெனிகளுக்குச் சரக்கு போடுகிற கடை அவருடையது. அத்தா காலத்திலிருந்தே பேரம் பேசிப் பேசி நாக்கு தேய்ந்த குடும்பம். அப்படிப்பட்ட மனிதர் கல்லாவில் உட்கார்ந்தபடி, வாடிக்கையாளர் வராத நேரமாகப் பார்த்து, மூன்று வருஷம் எழுதிய நாடகம் அது.

கதை ஓசூரை ஒட்டிய மாநில எல்லையான ஜூஜுவாடியில் நடக்கிறது. செக்போஸ்ட்டை மூடியாகிவிட்டது. லாரிகள் நிற்காமல் கர்நாடகாவுக்குப் பறக்கின்றன. ஒரு வாட்ச்மேன் மட்டும் போகாமல் நின்று, வருகிற வண்டியை எல்லாம் மறித்து, "என்ன சரக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடைசிக் காட்சியில் கேட்டைத் தூக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கிறான். அந்தக் காட்சியை எழுதி முடித்த அன்று பாய் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதார். இது மனைவி கௌசருக்கு மட்டும் தெரியும்.

ஓசூரில் சுகுணா நடத்துகிற நாடகக் குழுவுக்கு ஒரு வழக்கம். உள்ளூர் ஆட்கள் எழுதித் தரும் புது நாடகங்களை முதலில் வேஷம் இல்லாமல், நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜனங்கள் முன்னால் வாசிப்பார்கள். வாசித்தவற்றில் வருஷத்துக்கு ஒன்றுதான் மேடையேறும். அந்த ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் பாய்க்கு இப்போது உலகத்தில் இருந்த ஒரே ஆசை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கல்யாண மண்டபத்து மாடிச் சாப்பாட்டுக் கூடம். காலையில் நடந்த நிச்சயதார்த்தத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. வாட்ச்மேன் பாத்திரத்தை வாசிக்க வேண்டிய ஹரீஷ்குமாரிடமிருந்து போன் வந்தது. கம்பெனியில் ஓவர்டைம் போட்டுவிட்டார்களாம்.

"அப்ப நானே வாசிச்சிடறேன்" என்றார் பாய்.

"எழுதினவங்க வாசிக்கக் கூடாது பாய்" என்றாள் சுகுணா. "நாற்காலி காலியா இருக்கட்டும். அவன் வசனம் வர்ற இடத்துல, அதை வாசிக்க ஆகற நேரம் எல்லாரும் சும்மா இருப்பாங்க. வந்தான்னா வந்த இடத்துலருந்து வாசிப்பான்."

இதுவும் குழுவின் வழக்கம்தான். சுகுணா ஒரு தொழிற்சாலையில் ஆள் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் வேலை பார்ப்பவள். நடிகர்களும் ஷிப்ட் வேலைக்காரர்கள். ஒரு சமயம் ஷிப்ட் முடிந்து மூச்சிரைக்க ஓடிவந்தவன், தன் பாத்திரத்தை வேறொருவன் வாசிப்பதைப் பார்த்துக் கைகலப்பு வரை போய்விட்டான். அன்றிலிருந்து வராதவனின் இடத்தை யாரும் எடுப்பதில்லை.

"முக்கியமான பார்ட்டும்மா. ஒரு அரைமணி தள்ளி வெச்சுக்கலாமா? சரி, கால்மணி."

"பேரிங்கா வாங்கறோம்? உக்காருங்க பாய்."

வாசிப்பு தொடங்கியது. சுகுணா காட்சிக் குறிப்பைப் படித்தாள். லாரி டிரைவராக முனிவேல், தன் வசனத்தைச் சொல்லிவிட்டுக் காலி நாற்காலியைப் பார்த்தான். மௌனம். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேடையில் போய் விழ வேண்டிய தன் முதல் வசனம் இப்படிக் காற்றில் கரைகிறதே என்று பாய் பல்லைக் கடித்தார்.

முன் வரிசையில் பூ மார்க்கெட் பாப்பம்மா களுக்கென்று சிரித்தாள்.

பாய்க்குச் சுருக்கென்றது. அடுத்த மௌனத்தில் இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். மூன்றாவது மௌனத்தில் கூடமே சிரித்தது. கேலியாகச் சிரிக்கவில்லை. நல்ல பேச்சுக்காரன் ஒருவன் சொல்வதைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரிக்கிற சிரிப்பு. எல்லார் கண்களும் காலி நாற்காலியில், ஒரு ஆளின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் நின்றன. முனிவேல் காகிதத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டினான், காத்திருந்தான், பதில் சொன்னான். ஒரு முறை கண்ணைத் துடைத்தான்.

பாய் காதைக் கூர்மையாக்கிப் பார்த்தார். மின்விசிறி சத்தம்தான்.

இடைவேளையில் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் குலுக்கி, வாட்ச்மேன் பேசுகிற கன்னடம் அப்படியே எல்லைக் கன்னடம் என்றார். பாப்பம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு. "எங்க நாத்தனார் ஊர்த் தெலுங்கு பாய் அது. எங்க போயி பிடிச்ச?" என்றாள்.

பாய் எழுதியது முழுக்க முழுக்கத் தமிழ்.

"அக்கா, அந்த நாற்காலியில யாரும் இல்ல" என்றார் மெதுவாக.

பாப்பம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதறவங்களுக்கு இந்தக் குசும்பு எப்பவும் உண்டு" என்று சொல்லிவிட்டு வடைத் தட்டை நோக்கிப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஹரீஷ்குமார் யூனிபார்மோடு படியேறி ஓடிவந்தான். "சாரி பாய், சூப்பர்வைசர் இப்பதான் விட்டான்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலிப் பக்கம் போனவன், உட்காரப் போகும் முன் சட்டென்று பின்வாங்கினான். "நீங்க இருக்கறது தெரியலீங்கண்ணா, உக்காருங்க, உக்காருங்க" என்று நாற்காலியிடம் சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.

கடைசிக் காட்சி. "வாட்ச்மேன் கேட்டைத் தூக்குகிறான். தொப்பியைக் கழற்றுகிறான். வீட்டுக்கு நடக்கிறான்" என்று சுகுணா படித்தாள். யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் நாற்காலியைப் பார்த்தபடி இருந்தார்கள். சுகுணா மறுபடியும் படித்தாள். பிறகு காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"போக மாட்டேங்கறாரு பாய்."

"யாரு?"

"இந்த நாடகத்தையே மேடைக்கு எடுத்துக்கலாம்னுதான் குழுவுல எல்லாருக்கும் ஆசை. ஆனா முடிவு நிக்கலை. அவரு எழுந்திரிக்க மாட்டேங்கறாரே."

பாய் எழுந்து வெளியே போயிருக்கலாம். ஆனால் எதிராளி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காகக் கைக்கு வந்த பேரத்தை விடுகிற வம்சம் அல்லவே அது. தன் நாற்காலியை அந்தக் காலி நாற்காலிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாப்பம்மாக்கா, என் காதுல விழல. நீ நடுவுல இருந்து பேசு. என்ன வேணுமாம் அவருக்கு?"

பாப்பம்மா பூ பேரத்துக்கு உட்காருவது போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நாற்காலிப் பக்கம் சாய்ந்து கேட்டாள். "எப்படிப் போறதுன்னு கேக்கறாரு."

"கேட்டைத் தூக்கிட்டு நடக்க வேண்டியதுதானே."

"நடக்கலாம். ரிலீவர் எங்கன்னு கேக்கறாரு. மாத்திவிட ஆள் வராம ட்யூட்டியை விட்டு எப்படிப் போறதுன்னு."

கூடத்தில் இருந்த அத்தனை ஷிப்ட்காரர்களும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். ஹரீஷ்குமார் சுவரோரத்திலிருந்து, "ஆமாம் பாய், ஆள் வராம இடத்தை விட்டா மெமோதான்" என்றான். பாய் வாழ்நாளில் ஷிப்ட் பார்த்தவரில்லை. நினைத்த நேரத்தில் ஷட்டரை இறக்குகிற மனிதர். மூன்று வருஷத்தில் ஒரு முறைகூட அவருக்கு அது தோன்றவில்லை.

"ரெண்டு நிமிஷம்" என்றார். பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார். ரிலீவர். அவனுக்கு ஒரே ஒரு வசனம். "இது போதுமான்னு கேளுக்கா."

பாப்பம்மா கேட்டாள். "போதும்கறாரு. ரொம்ப நாளாச்சாம்."

"யாரு வாசிக்கறீங்க?" என்று சுகுணா கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

கொஞ்ச நேரம் முன்பு விழுந்து விழுந்து சிரித்த கூடம் அது. முனிவேல் செருப்பைப் பார்த்தான். அத்திப்பள்ளிப் பெரியவர் போனை எடுத்துக்கொண்டார். ஹரீஷ்குமார் கதவுப் பக்கமாக நகர்ந்தான். பாப்பம்மா மட்டும் பாயின் கையைப் பிடித்தாள். "விட்டுடு பாய். வேற நாடகம் எழுதிக்கலாம்."

ஒரு வசனம். அதைச் சொன்னால் மூன்று வருஷத்து உழைப்பு மேடையேறும். இதைவிடச் சல்லிசாக எந்தச் சரக்கும் அவருக்கு அமைந்ததில்லை. பாய் எழுந்தார்.

"எழுதினவங்க வாசிக்கக் கூடாது பாய்" என்றாள் சுகுணா. அவள் குரலில் முன்பிருந்த கறார் இல்லை. கெஞ்சுவது போல இருந்தது.

"நான் எங்கம்மா வாசிக்கறேன்? ட்யூட்டிக்கு வர்றேன்" என்றார் பாய் சிரித்துக்கொண்டே. நாற்காலியின் முன்னால் போய் நின்றார். "நான் வந்துட்டேன். நீங்க கிளம்புங்க."

கூடத்தில் இருந்த தலைகள் எல்லாம் மெல்ல நிமிர்ந்தன. பிறகு ஒன்றாகத் திரும்பி, நாற்காலியிலிருந்து நடைவழி வரை, நடைவழியிலிருந்து கதவு வரை, யாரையோ வழியனுப்பின. பாப்பம்மா கும்பிட்டாள். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் இறங்குவதை இந்த முறை பாயும் கேட்டார்.

அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கூடம் அதிரக் கைதட்டல்.

"இந்த வருஷம் இதுதான்" என்றாள் சுகுணா. சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பாய்க்கு மகிழ்ச்சியில் நெஞ்சு விம்மியது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகத் தட்டுகளின் மேல் விழுந்தது. நாற்காலிகளை மடக்கினார்கள். முனிவேல் எல்லாவற்றையும் அடுக்கினான். பாய் உட்கார்ந்திருந்ததை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டுப் போனான். காலில் வலியில்லை, யாரும் கட்டிப்போடவில்லை. எழுந்தால் எழுந்துவிடலாம். ஆனால் இடத்தை எப்படி விட்டுவிட்டுப் போவது என்ற எண்ணம், அவருக்குள் பசி போல, தாகம் போல, வெகு இயல்பாக வந்து உட்கார்ந்திருந்தது.

கடைசியாகப் போன பாப்பம்மா கதவருகே நின்றாள். "உனக்கு அடுத்து யாரை எழுதியிருக்க பாய்?" என்று கேட்டாள். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிப் போய்விட்டாள்.

போன் அடித்தது. கௌசர்.

"எடுத்துக்கிட்டாங்க" என்றார் பாய்.

"அல்ஹம்துலில்லாஹ். கிளம்பி வாங்க, பிரியாணி ஆறுது."

"ஆள் வந்ததும் வந்துடறேன்."

"எந்த ஆளுங்க?" என்றாள் கௌசர்.