அலுமாரிக்குக் கீழே ஒரு பாய்

பிரசவக் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி, கீழே மடித்துப் போட்ட பன்பாயில் யோசப்பின் முழந்தாளிட்டிருந்தாள். வலி வரும்போது நெற்றியைக் கம்பியில் அழுத்துவாள். வலி விட்டதும் பக்கத்தில் குந்தியிருந்த, பிரசவம் பார்க்கும் மருத்துவமாது கமலாவதியைப் பார்த்து லேசாகச் சிரிப்பாள். பூசையில் பழகின முழந்தாள், நோகாது என்றாள். குருநகரில் ஷெல்லடி தாங்காமல் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே திருநெல்வேலிக்கு வந்திருந்த குடும்பம். தலைப்பிள்ளையை மல்லாந்து கிடந்து, கால்களைக் கட்டிலின் வாரில் மாட்டிப் பெற்றபோது கிழிந்த கிழிவில், மாதக்கணக்காக மீன் கடகத்தைத் தூக்க முடியாமல் கிடந்தவள். கிளினிக்கில் அதைச் சொல்லி அழுதபோது, இந்த முறை முழந்தாளிலேயே பெறலாம், நான் பக்கத்தில் நிற்பேன் என்று கமலாவதி வாக்குக் கொடுத்திருந்தாள்.

அப்படி வாக்குக் கொடுக்கும் துணிவு அவளுக்குத் தேநீர் மேசையில் வந்தது. மருத்துவமாதுகளுக்குள் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். மல்லாந்து கிடந்தால் பிள்ளை மேட்டில் ஏறியல்லவா வரவேண்டும் என்று கமலாவதி வாதாடுவாள். வார்டுக்குப் பொறுப்பான தாதி செல்வநாயகி மிசி ஒத்துக்கொள்ள மாட்டார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கைவைக்க அவருக்குப் பயம். குந்தியிருந்து பெற்ற ஒருத்தியின் பிள்ளை சீமெந்தில் விழுந்ததைக் கண்டவர். இன்னொரு மருத்துவமாது அருமைநாயகி மட்டும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, "நிண்டா என்ன, கிடந்தா என்ன, நாங்கள் வீட்டை போக முதல் பெத்தாச் சரி" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தன் பக்கம் என்று கமலாவதி எடுத்துக்கொண்டிருந்தாள்.

நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. சாப்பிடப் போன செல்வநாயகி மிசி வாசலில் வந்து நின்றார்.

"இதென்ன, கோயிலே? ஆர் இவவைக் கீழை இறக்கினது?"

கமலாவதிக்குச் சொல்ல எல்லாம் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"அவவாத்தான் இறங்கினவ, மிசி. நான் சொல்லக் கேக்கேல்லை."

யோசப்பின் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வலி பிடிக்கத் தொடங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஓம் மிசி, நானாத்தான்."

இருவருமாகத் தூக்கி ஏற்றினார்கள். ஒரு காலை வாரில் மாட்டியது கமலாவதிதான். முழந்தாளில் பாயின் பின்னல் சிவப்பாகப் பதிந்திருந்தது. பன்னீர்க்குடத்து நீர் பட்டு நனைந்து கிடந்த பாயை, மிசி பார்க்காத நேரம் கமலாவதி காலால் அலுமாரிக்குக் கீழே தள்ளினாள். பெண்பிள்ளை சுகமாகப் பிறந்தது. பழைய தையல் இருந்த இடம் திரும்பவும் கிழிந்தது. மரக்க வைக்கும் விறைப்பூசி மருந்து தடையால் யாழ்ப்பாணத்துக்கு வராத காலம், அப்படியே தைத்தார்கள். கமலாவதி கையை நீட்டினாள். கம்பியைத்தான் யோசப்பின் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் இறக்கினேன்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கமலாவதி ஒழுங்காக யோசித்துப் பார்த்தாள். ஏச்சு விழுந்திருக்கும். மிஞ்சினால் கொடிகாமத்துக்கு மாற்றியிருப்பார்கள். அவளுடைய வீடே கொடிகாமத்தில்தான். இதற்குப் பயந்தா என்று நினைக்க முகம் சுட்டது.

மறுநாள் யோசப்பின் ஒருக்களித்துக் கிடந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கச் சொற்களை அடுக்கிக்கொண்டு போன கமலாவதியிடம் அவளே கேட்டாள்.

"உங்களுக்குப் பேச்சு விழுந்ததே, மிசி?"

"இல்லை."

"அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னனான்." பிள்ளையின் வாயிலிருந்து வழிந்த பாலைத் துடைத்தாள். "இனி ஒருத்திக்கும் பக்கத்திலை நிப்பன் எண்டு சொல்லாதேங்கோ. நம்பிப்போடுவினம்."

அடுக்கிய சொற்களோடு கமலாவதி திரும்பி வந்தாள். பிரசவ அறையில் புதிதாக ஒருத்தி கட்டிலில் கிடந்தாள். செல்வநாயகி மிசி கண்டுவிட முன் எடுத்துவிட வேண்டும் என்று கமலாவதி முழந்தாளிட்டு, அலுமாரிக்குக் கீழே கைவிட்டுப் பாயை இழுத்தாள். அது காய்ந்து விறைத்திருந்தது. நடுவில் இரண்டு முழந்தாள் குழிகள் அப்படியே இருந்தன.

"உந்தப் பாய் என்னத்துக்கு, மிசி?" என்று கட்டிலில் கிடந்தவள் கேட்டாள்.

குழியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று கமலாவதி நடைப்பக்கம் பார்த்தாள்.