மாதிரிக்கு நாலு வரி

“இது தெரிதா மா?” என்று கேட்டுவிட்டு மகள் முகத்தைப் பார்த்தேன்.

ஜானட் கண்ணைச் சுருக்கினாள். “மங்கலா கீது நைனா. அடுத்தது போடு.”

கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவது அவள் பிழைப்பு. சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை இப்போது கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. நாசமாய்ப் போகிற வியாதிக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. போட்ட லீவு முடிந்து திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் அந்த நாற்காலியில் வேறு ஆள். எழுதும் பக்கத்தின் நிறங்களை மாற்றினால் சமாளித்துவிடலாம் என்று அவளேதான் சொன்னாள். வீட்டில் பொருத்தமானதைப் பார்த்துவைத்துக்கொண்டு ஆபீஸிலும் அதையே போட்டுக்கொள்வாளாம். ஆரம்பத்தில், துறைமுகத்துக் கரித்தூள் திரையில் படிவதால்தான் தெரியவில்லை என்றாள். ராயபுரத்தில் கரி படியாத பொருள் எது? நானும் நம்பி, அந்தப் பெட்டி மானிட்டரை வேளைக்கு ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்தேன்.

எந்த நிறத்தை அழுத்தினாலும், அது எப்படி இருக்கும் என்று காட்ட அதே நாலு வரி இங்கிலீஷ்தான் வரும். நான் கிரேன் ஓட்டினவன், எனக்கு அது ஓடாது. அவள் படிப்பாள், நான் கேட்பேன். நீலத்தில் திக்கினாள். பச்சையில் பாதியில் நிறுத்தினாள். சாம்பல் நிறத்தில் கடகடவென்று படித்ததும் எனக்கு உயிர் வந்தது.

“இன்னும் பளிச்சுனு வோணும். பின்னாடி கருப்பு வெய்யி, எழுத்துக்கு மஞ்ச வெய்யி.”

கருப்பை அழுத்தினேன். எழுத்தும் கருப்பாகவே இருந்ததால் பக்கம் முழுக்க இருட்டாகி, நாலு வரியும் காணாமல் போயின. மஞ்சள் கட்டம் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் அவள் குரல் கேட்டது.

“ஐய, இது சூப்பரா தெரிது நைனா!”

திரையைப் பார்த்தபடி படிக்க ஆரம்பித்தாள். முதல் வரி. இரண்டாவது வரி. ஒரு இடத்திலும் தட்டவில்லை. சாம்பல் நிறத்தில் கேட்ட அதே வரிகள்தான். அங்கே படிக்க ஒரு எழுத்துகூட இல்லை.

நாலாவது வரியையும் முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “இதையே வெச்சிக்கலாம். சேவ் பண்ட்டியா?”

“பண்ட்டேன் மா.”

“திங்கக்கெழம அந்த ரோஸ் சுடிதார் போட்டுகினு போறேன். அம்மாவாண்ட சொல்லி இஸ்திரி போட்டு வெக்க சொல்லு.”

“சரி மா.”

நான் துணியை எடுத்தேன். அன்றைக்கு ஏற்கெனவே துடைத்த திரைதான். மேலிருந்து கீழே துடைத்தேன், மறுபடியும் மேலிருந்து துடைத்தேன். கருப்புக் கண்ணாடிக்குள் என் கை போய் வருவதும், அதற்குப் பின்னால் அவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தன.